ஐம்பதில் வளைதல்

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்று கேட்டு வைத்தார்கள் நம் முன்னோர். சிறுவர்களை நல்வழியில் பழக்க வேண்டும் என்பதற்காகச் சொல்லப்பட்ட மொழி இது. ஆனால், வயது ஏறியவர்கள் தமக்குக் கிடைத்த விடுப்புச் சீட்டாக இதனை எடுத்துக்கொள்வதையே நான் பெரிதும் கண்டிருக்கிறேன். ‘இனி நமக்கென்ன?’ என்ற ஒரு சொல்லோடு உடலைச் சாய்வு நாற்காலியிடம் ஒப்படைத்து விடுகிறோம். பழமொழி பேசுவதோ ஐந்தில் வளையாததைப் பற்றி. இருபதில் ஓரளவு வளைந்து, பின்னர் இருபது ஆண்டுகளுக்கு மேல் வளையாமலே இருந்துவிட்ட ஒன்று ஐம்பதில் மீண்டும் வளையுமா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்விக்கு என் முழங்கால்களும் தோள்களும் சொன்ன விடையையே இங்கு எழுதப் புகுகிறேன்.

1994ஆம் ஆண்டில் பொறியியல் படிப்பதற்காக நான் இங்கிலாந்து வந்தேன். பல்கலைக்கழகத்தில் மாலை வேளைகளில் என்னை ஈர்த்தவை இரண்டு விளையாட்டுகள். ஒன்று வாள்வீச்சு, மற்றொன்று ஜூடோ. என் பாட்டனார் ஊரில் சிலம்பம் பழகியவர். ‘கம்பு பிறகு, முதலில் காலடி’ என்று அவர் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். வாள்வீச்சு ஆசிரியரும் முதல் மாதம் முழுவதும் கையில் வாளைத் தராமல் முன்னும் பின்னுமாக அடியெடுத்து வைக்கவே கற்பித்தபோது, கடல் கடந்தும் பாட்டனாரின் குரலையே கேட்டது போல் இருந்தது. நான்கு ஆண்டுகள் பழகினேன். ஜூடோவில் பச்சைக் கச்சை வரை வந்தேன். பிறகு வேலை வந்தது; திருமணம் நடந்தது; பிள்ளைகள் பிறந்தார்கள். அங்கியும் வாளும் பரணேறின.

அவற்றை மீண்டும் இறக்க வைத்தது ஒரு வீழ்ச்சி. 2019ஆம் ஆண்டு, நெல்லைச் சீமையிலுள்ள எங்கள் வீட்டில், ஒளுச் செய்யச் சென்ற என் வாப்பா ஈரத் தரையில் வழுக்கி விழுந்தார்கள். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை மருத்துவம் நல்ல முறையில் நடந்தது, எலும்பும் கூடியது. ஆனால், அவர்கள் உள்ளத்தில் புகுந்த அச்சம் நீங்கவில்லை. பள்ளிவாசலுக்கு நடப்பது நின்றது. பிறகு தெருவுக்கு வருவது நின்றது. பிறகு முற்றத்துக்கு வருவதும் குறைந்தது. விழுந்தது ஒரு நொடி. அந்த நொடிக்கு அஞ்சியே கழிந்தன அவர்களுடைய இறுதி இரண்டு ஆண்டுகள். உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுவதனால் உயிரிழக்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். அவர்களுள் பெரும் பங்கினர் அறுபதைக் கடந்தவர்கள். இதனைப் படித்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. நடக்கக் கற்பிக்கிறோம், ஓடக் கற்பிக்கிறோம், நீந்தவும் கற்பிக்கிறோம். விழக் கற்பிப்பார் யார்?

ஜூடோ கற்பிக்கிறது. அந்தக் கலையின் முதற்பாடமே விழுவதுதான். ‘உக்கேமி’ என்று அதற்குப் பெயர். மோவாயை மார்போடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் பிடரி தரையில் மோதாது. முதுகை வில்லாக வளைத்து உருள வேண்டும். உடல் தரையைத் தொடும் அதே கணத்தில் கையை நீட்டி, முழங்கையிலிருந்து உள்ளங்கை வரை விரிப்பின் மீது ஓங்கி அறைய வேண்டும். விழும் விசை ஓரிடத்தில் இறங்காமல் பரந்து பிரிந்து போவதற்கான ஏற்பாடு இது. கையை ஊன்றித் தடுக்கப் பார்ப்பவனுக்கு மணிக்கட்டு முறியும். விறைத்து நிற்பவனுக்கு இடுப்பு முறியும். விழுவதை எதிர்த்து நிற்காமல், அதனோடு இணங்கிப் போகிறவன் எழுந்து நிற்கிறான். சுவீடன் நாட்டில் முதியவர்களுக்கென்றே இந்த விழும் முறையைக் கற்பிக்கும் வகுப்புகள் நடந்து வருகின்றன.

2022ஆம் ஆண்டு, என் 48ஆம் வயதில், நாங்கள் புதிதாகக் குடியேறிய ஊரின் விளையாட்டு மண்டபத்தைத் தேடிச் சென்றேன். செவ்வாய்க்கிழமை மாலை அங்கே வாள்வீச்சு. வியாழக்கிழமை அதே தளத்தில் மெத்தைகளை அடுக்கி ஜூடோ. புதிய சங்கம், புதிய முகங்கள். ‘உங்கள் பச்சைக் கச்சையையே கட்டிக்கொள்ளலாம், பெற்ற தகுதி போய்விடாது’ என்றார் ஜூடோ ஆசிரியர். நன்றி கூறிவிட்டு வெள்ளைக் கச்சையைக் கட்டிக்கொண்டேன். பெற்ற தகுதி தாளில் இருக்கலாம்; உடலில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

தலை தாழ்த்தி மரியாதை செய்யும் வழக்கம் ஜூடோவில் உண்டு. அது பற்றி நம் வீடுகளில் ஒரு கேள்வி எழும் என்பதை நான் அறிவேன், எனக்கும் எழுந்தது. முதல் நாளே ஆசிரியரிடம் மனம் திறந்து கேட்டேன். ‘எதிரே நிற்பவர் தம் உடலை உங்களை நம்பி ஒப்படைக்கிறார், அதற்கு நீங்கள் சொல்லும் நன்றி அது, வழிபாடன்று. நின்றபடியே சிறிது தலையசைத்தால் போதும்’ என்றார். கேட்பவர் மரியாதையாகக் கேட்டால் சொல்பவரும் மரியாதையாகவே சொல்கிறார் என்பதை அன்று கண்டேன்.

இருபது ஆண்டுகளில் உடல் எதை வைத்துக்கொண்டது, எதை விட்டுவிட்டது? இது வியப்பான கணக்கு. முதல் முறை பின்புறமாக விழுந்தபோது, நான் நினைக்கும் முன்பே மோவாய் மார்பில் ஒட்டியது. கை தானாகவே விரிப்பை அறைந்தது. வாள்வீச்சிலும் அப்படியே. எதிராளியின் நுனி என் மார்பை நோக்கி வந்ததும், மணிக்கட்டு தானே திரும்பி ‘கார்ட்’ எனப்படும் நான்காம் தடுப்புக்குச் சென்றது. மெல்ல மெல்லக் கற்றது மெல்ல மெல்லத்தான் போகிறது போலும்! ஆனால், மூச்சு அப்படியன்று. மூன்று நிமிட ஆட்டத்தில் இரண்டாம் நிமிடமே நெஞ்சு கொல்லன் துருத்தியாயிற்று. நினைவை உடல் சேமித்து வைக்கும். வலிமையை அன்றன்று ஈட்டித்தான் உண்ண வேண்டும்.

மாறியது நான் மட்டுமல்லன், விளையாட்டுகளும் மாறியிருந்தன. இளமையில் எனக்குப் பெருமை தேடித் தந்தது, குனிந்து எதிராளியின் இரு கால்களையும் வாரி வீழ்த்தும் ‘மொரோட்டே-காரி’. காலைக் கையால் பற்றுவதைப் பன்னாட்டு ஜூடோக் கூட்டமைப்பு 2010இல் கட்டுப்படுத்தி, 2013இல் முற்றாக விலக்கிவிட்டது. ‘கோகா’ என்ற சிறு மதிப்பெண் 2009 முதல் இல்லை. ‘யூகோ’ 2017இல் நீங்கி, 2025இல் திரும்பி வந்திருக்கிறது. வாள்வீச்சிலோ, ஃபாயில் என்னும் மெல்லிய வாளுக்கு உடற்பகுதி மட்டுமே இலக்கு. முகக்கவசத்தின் கீழ் தொங்கும் கழுத்து மறைப்பின் ஒரு பகுதியும் 2009 முதல் அந்த இலக்கில் சேர்ந்துவிட்டது. ஊரை விட்டுப் போய்த் திரும்பியவன் தன் தெருவிலேயே வழி கேட்பது போல, நான் எனக்குத் தெரிந்த விளையாட்டில் விதி கேட்டுக்கொண்டு நின்றேன். கேட்டதில் இழுக்கில்லை. என்னிலும் பாதி வயதுடையவர்கள் பொறுமையோடு சொல்லித் தந்தார்கள்.

‘இந்த வயதில் வாளா? கண் போய்விட்டால்?’ என்று என் உம்மா தொலைபேசியில் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 1982இல் ரோம் நகரில் நடந்த உலகப் போட்டியில், சோவியத் வீரர் விளாதிமிர் ஸ்மிர்னோவ், எதிராளியின் வாள் முறிந்து முகக்கவசத்தை ஊடுருவியதால் உயிரிழந்தார். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர் அவர். அந்தத் துயரத்திற்குப் பின் எளிதில் முறியாத எஃகு வாளுக்கு வந்தது. கவசமும் அங்கியும் பன்மடங்கு உறுதி பெற்றன. இன்று நாங்கள் அணியும் வெண்ணிற உடை கழுத்து முதல் முழங்கால் வரை மூடுகிறது. முழங்காலுக்குக் கீழே நீண்ட காலுறை. முகத்துக்கு வலைக்கவசம். ஒரு மனிதரின் இறப்பு எத்தனையோ பேருக்குக் காப்பாகியிருக்கிறது. இதைச் சொன்னபோது உம்மா சற்று நேரம் பேசவில்லை. ‘அந்தப் பிள்ளையின் தாய் என்ன பாடுபட்டிருப்பாளோ’ என்றார்கள் பிறகு.

உடல் மூடும் இந்த உடையே நம் பெண்மக்களுக்கும் இந்த விளையாட்டின் கதவைத் திறந்துவிட்டிருக்கிறது. தலையை மறைத்தபடியே ஆடிய அமெரிக்க வீராங்கனை இப்திஹாஜ் முஹம்மத், 2016 ரியோ ஒலிம்பிக்கில் சேபர் குழுப் போட்டியில் வெண்கலம் பெற்றார். தலைமறைப்போடு அந்நாட்டுக்காக ஒலிம்பிக்கில் களமிறங்கிய முதற்பெண் அவர். அவ்வாண்டே துனீசியாவின் இனெஸ் பூபக்ரியும் ஃபாயிலில் வெண்கலம் வென்றார். நம் சென்னையில் பள்ளிப் பருவத்தில் வாளெடுத்த பவானி தேவி, ஒலிம்பிக் வாள்வீச்சில் கலந்துகொண்ட முதல் இந்தியர் என்ற பெயரோடு 2021இல் டோக்கியோவில் நின்று, முதல் ஆட்டத்தை 15-3 என்று வென்று காட்டினார். இச்செய்திகளை என் மகளுக்குச் சொன்னேன். பதினான்கு வயதான அவளும் செவ்வாய்க்கிழமைகளில் என்னுடன் வரத் தொடங்கினாள். ஆறே மாதத்தில் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் என்னை வென்றாள். ‘வாப்பா, வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தீர்களா?’ என்று கேட்டாள். இல்லை என்று சொல்வதில் ஒரு தந்தைக்கு இவ்வளவு இன்பம் இருக்கும் என்று நான் அறிந்ததில்லை.

இப்போது நான் எடுப்பது ‘எப்பே’ என்னும் வாள். மூவகை வாள்களிலும் கனமானது. ஆயினும் 770 கிராமுக்கு உட்பட்டதே. ஃபாயிலில் முதலில் தாக்கியவனுக்கு முன்னுரிமை உண்டு. எப்பேயில் அது இல்லை. உச்சி முதல் பாதம் வரை எங்கும் தொடலாம். முதலில் தொட்டவனுக்கே புள்ளி. இருவரும் வினாடியின் இருபத்தைந்தில் ஒரு பங்குக்குள் தொட்டால் இருவருக்கும் புள்ளி. அவசரப்படுகிறவனின் மணிக்கட்டு முதலில் அடிபடும். பொறுத்திருப்பவனுக்கு வாய்ப்பு வரும். முதியவர்கள் இதனை நாடுவதில் வியப்பில்லை. 50 வயதுக்கு மேற்பட்டோருக்கென்று உலகப் போட்டிகளே நடக்கின்றன. எழுபதைக் கடந்தோருக்கும் அங்கே தனிப்பிரிவு உண்டு.

இந்த இரண்டு விளையாட்டுகளையும் சேர்த்துப் பார்க்கும்போது, இரண்டும் ஒன்றையே இருவிதமாகச் சொல்வது புலனாகிறது. மின்கருவி வரும் முன்னர், வாள்நுனி தன்மேல் பட்டதை அடிபட்டவனே வாய்விட்டு ஒப்புக்கொள்வது வாள்வீச்சின் மரபு. 1936 ஒலிம்பிக்கில் எப்பேக்கு மின்கருவி வந்தது. 1956இல் ஃபாயிலுக்கும் வந்தது. இன்று விளக்கு எரிந்து சொல்லிவிடுகிறது. ஆயினும், எங்கள் சங்கத்தில் பயிற்சி ஆட்டங்களைக் கருவியில்லாமல் ஆடுவதுண்டு. அப்போது ‘பட்டது’ என்று நானே சொல்ல வேண்டும். அதைச் சொல்ல நா எழும் அந்தச் சிறு பொழுதில்தான் ஒருவனுடைய தரம் தெரிகிறது.

ஜூடோவும் அப்படியே. 1882இல் டோக்கியோவில், ஒரு கோயிலின் சிற்றறையில், பன்னிரண்டு பாய்களை விரித்து இக்கலையைத் தொடங்கினார் ஜிகோரோ கானோ. ஆற்றலை நன்முறையில் பயன்படுத்துதல், தானும் பிறரும் சேர்ந்து உயர்தல் என்ற இரண்டையே அதன் அடித்தளமாக்கினார். என்னை வீழ்த்துகிறவர் கடைசிக் கணம் வரை என் சட்டைக் கையை விடுவதில்லை. நான் நலமாக விழுவதற்கு அவர் பொறுப்பு. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கின் இறுதியாட்டத்தில், ஜப்பானின் யாசுஹிரோ யமஷிதா காலில் காயத்தோடு நின்றார். காயம்பட்ட காலைக் குறிவைக்கத் தாம் விரும்பவில்லை என்று பின்னர் கூறினார் எதிர்த்து ஆடிய எகிப்தின் முஹம்மத் அலி ரஷ்வான். அவருக்குக் கிடைத்தது வெள்ளிதான். ஆனால், நேர்மையான ஆட்டத்துக்கான பன்னாட்டு விருதும் அவரைத் தேடி வந்தது.

இரண்டு ஆண்டுகள் கடந்து பச்சைக் கச்சையை மீண்டும் கட்டிக்கொண்டேன். அதற்கு மேல் போவேனா என்று தெரியாது; அந்தக் கவலையும் இல்லை. வலது முழங்கால் குளிர்காலத்தில் முனகுகிறது. வியாழன் இரவு படியேறும்போது கைப்பிடி தேவைப்படுகிறது. ஆனால், பனி உறைந்த நடைபாதையில் கால் வழுக்கும்போது முன்பிருந்த நடுக்கம் இல்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்கிறோம். சறுக்கிய யானை எழுந்து நடந்ததா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

எல்லோரும் ஜூடோ பழக வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. எலும்பு தேய்ந்தவர்களும் இதய நோயுள்ளவர்களும் மருத்துவரைக் கேளாமல் இதில் இறங்கலாகாது. ஆனால், இளமையில் பழகி விட்டுவிட்ட ஏதேனும் ஒன்று ஒவ்வொருவர் வீட்டுப் பரணிலும் இருக்கும். அது கம்பாக இருக்கலாம், பந்தாக இருக்கலாம், ஆற்றில் நீந்திய நினைவாகவும் இருக்கலாம். அதை இறக்கித் தூசி தட்டுங்கள். முன்பு நின்ற இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், கடைசி வரிசையில் வெள்ளைக் கச்சையோடு நில்லுங்கள். நம் வீட்டுப் பெரியவர்களிடம் ‘விழுந்துவிடாதீர்கள்’ என்று எச்சரிப்பதோடு நிறுத்திவிடுகிறோம். தரைவிரிப்பைச் சீர்படுத்தி, குளியலறையில் ஒரு கைப்பிடி பொருத்தி, நாள்தோறும் அவர்கள் கையைப் பற்றி நான்கு அடி நடந்தும் வருவோமானால், அந்த எச்சரிக்கைக்குப் பொருள் உண்டாகும். அச்சம் அவர்களை முற்றத்திலிருந்து அறைக்குள் தள்ளிவிடும் முன்பே அதைச் செய்வோம்.