மைனஸ் ஏழும் மாலை வெயிலும்

சோடாபுட்டி என்று பள்ளியில் பெயர் வாங்கியவன் நான். பவர் இப்போது மைனஸ் ஏழு. கிட்டப்பார்வைக்குப் புது வைத்தியம் என்று எங்கே செய்தி வந்தாலும் விடாமல் படித்துவிடுவேன். 2025 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவிலிருந்து ஒன்று வந்தது. முயலின் கண்ணில் பிளாட்டினம் லென்ஸைப் பொருத்தி இலேசாக மின்சாரம் செலுத்துகிறார்கள். கார்னியாவின் அமிலத்தன்மை மாறி, அது இளகி, லென்ஸின் வளைவுக்கு வருகிறது. மின்சாரத்தை நிறுத்தியதும் அப்படியே இறுகிவிடுகிறது. கத்தியும் இல்லை, லேசரும் இல்லை, ஏறக்குறைய ஒரு நிமிட வேலை. அவை முயலிலிருந்து தனியே எடுத்த கண்கள் என்பதைக் கடைசிப் பத்தியில்தான் சொன்னார்கள்.

ஆனால் லாசிக் ஆகட்டும், இது ஆகட்டும், சரிசெய்வது கண்ணின் முன்பக்கத்தை. கோளாறு பெரும்பாலும் நீளத்தில். பிறக்கும்போது சுமார் 17 மில்லிமீட்டர் இருக்கும் கண், வளர்ந்தபின் 24 அளவில் நிற்க வேண்டும். அதற்குமேல் ஒரு மில்லிமீட்டர் போனால் மைனஸ் இரண்டரை, மூன்று. என் கண் இரண்டரை மில்லிமீட்டர் அத்துமீறியிருக்கிறது. நீண்ட கண்ணில் விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். லாசிக் செய்து கண்ணாடியைக் கழற்றிய நண்பரை இன்னமும் விழித்திரைப் பரிசோதனைக்கு டாக்டர் வரச்சொல்வது அதனால்தான். நீண்டதைப் பழைய அளவுக்குக் குறுக்கும் வைத்தியம் எதுவும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. பொன்னாங்கண்ணிக் கீரையாலும் ஆகாது.

ஆக, வரப்போகும் வைத்தியமெல்லாம் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் கண்களுக்கு. ஊமத்தையிலும் இருக்கிற அட்ரோபினை மிக நீர்த்த சொட்டு மருந்தாக்கி இரவில் விடுகிறார்கள். சிங்கப்பூரில் 0.01 சதவீதத்துக்கு நல்ல பெயர் கிடைத்தது; ஹாங்காங் ஆய்வில் 0.05 அதைவிட நன்றாக வேலை செய்தது. 2023இல் வெளியான அமெரிக்க ஆய்விலோ 0.01க்கும் வெறும் சொட்டுக்கும் வித்தியாசமே இல்லை. சீனாவில் சிவப்பு ஒளிக் கருவியை வேளைக்கு மூன்று நிமிடம், தினம் இருவேளை பார்க்க வைக்கிறார்கள். சில குழந்தைகளுக்குக் கண்ணின் நீளம் ஒரு துளி குறைந்ததாகக்கூடத் தெரிந்தது. அங்கேயே 12 வயதுப் பெண் ஒருத்தியின் விழித்திரை அந்த ஒளியால் பாதிக்கப்பட்ட செய்தியும் வந்தது. என் வீட்டுப் பிள்ளைக்கு அது வேண்டாம்.

எனக்கு நம்பிக்கை வந்தது குவாங்சோவில் நடந்த ஆய்வைப் படித்தபோது. முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று வருடத்தில் அவர்களில் 30 சதவீதத்தினருக்குக் கிட்டப்பார்வை வந்தது. மற்ற பிள்ளைகளில் கிட்டத்தட்ட 40. பகல் வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமைன் சுரக்கிறது, அது கண் நீள்வதைத் தடுக்கிறது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். தைவான் தினம் இரண்டு மணி நேரம் என்றே வைத்திருக்கிறது. நம் ஊரில் பி.டி. பீரியடையும் கணக்கு சார் வாங்கிக்கொள்வார்.

அண்ணன் மகனுக்கு எட்டு வயதில் மைனஸ் ஒன்றரை. சொட்டு மருந்தை எழுதிக்கொடுத்துவிட்டு, தினம் இரண்டு மணி நேரமாவது வெளியில் விளையாட விடச் சொன்னார் டாக்டர். அண்ணி யோசித்தார்.

“அஞ்சு மணிக்கு டியூஷன் இருக்கே டாக்டர். இந்தச் சொட்டையே ரெண்டு வேளையா விட்டா போதாதா?”