பத்து பின்கோடுகளுக்கு மட்டும் ஒரு வகுப்பு

கிரெடிட் ஸ்கோர் குறைவாக இருக்கிறவர் வீடு வாங்கப் போனால், கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் கட்டாயமாக ஆலோசனை வகுப்பில் உட்கார வேண்டும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 2005இல் இப்படி ஒரு சட்டம் செய்தது. 2006 செப்டம்பரில் அது சிகாகோவில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் நகரம் முழுவதற்கும் இல்லை, பத்து பின்கோடுகளுக்கு மட்டும். நகரத்தின் தென்மேற்கில் பெரும்பாலும் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வழியினரும் வாழும் பகுதிகள் அவை. சேரி, காலனி என்ற முகவரியைச் சொன்னவுடன் மேனேஜரின் முகம் மாறுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

சட்டத்தின் நோக்கம் கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அந்தத் தெருக்களில் ஏமாற்றுக் கடன் பெருகி, வீடுகள் வரிசையாக ஏலத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. ஸ்கோர் 620 அல்லது அதற்குக் கீழே இருந்தால் ஆலோசனை கட்டாயம். 621 முதல் 650 வரை இருந்தால், ஆபத்தான வகைக் கடனைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் கட்டாயம். கட்டணத்தைக் கடன் கொடுப்பவர் ஏற்க வேண்டும். ஆலோசகர் கடன் விவரங்களைப் பார்த்து, வட்டி சந்தையைவிட அதிகமா, இந்த வருமானத்துக்குத் தவணை தாங்குமா என்று பதிவு செய்வார். கடனைத் தடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை.

நடந்தது என்ன? கடன் நிறுவனங்கள் பல அந்தப் பத்து பின்கோடுகளைவிட்டு வெளியேறின. வீட்டுக் கடன் ஏறத்தாழ பாதியாகச் சரிந்தது. வாங்க வருகிறவருக்குக் கடன் கிடைக்காததால் விற்க நினைத்தவர்களும் மாட்டிக்கொண்டார்கள். எங்கள் பகுதியை மட்டும் ஏன் குறிவைத்தீர்கள் என்று மக்கள் கேட்டார்கள். பாகுபாடு என்று வழக்கும் போடப்பட்டது. புரோக்கர்களும் அதே குரலில் சத்தம் போட்டார்கள். (வியாபாரம் படுத்தவுடன் புரோக்கருக்குச் சமத்துவம் நினைவுக்கு வருவதை நம் ஊரிலும் பார்த்திருக்கிறோம்.) 2007 ஜனவரியில், ஐந்து மாதம்கூட நிறையாமல், திட்டம் நிறுத்தப்பட்டது.

ஒரு இரண்டு மணி நேர வகுப்புக்குப் பயந்தா நிறுவனங்கள் ஓடின? கடன் வாங்குகிறவர் எதையாவது கற்றுக்கொண்டுவிடுவார் என்பதல்ல அவர்களுடைய பயம். மூன்றாவது ஆள் ஒருவர் பத்திரத்தைப் படித்து அரசின் பதிவேட்டில் எழுதிவைப்பார் என்பதுதான் பயம் என்று நான் நினைக்கிறேன். இந்தத் திட்டத்தை ஆராய்ந்த பொருளியலாளர்கள் கண்டதும் இதற்குப் பொருந்துகிறது. போனவர்களில் பெரும் பங்கு, ஸ்கோர் குறைந்தவர்களுக்கு அதிக வட்டிக்குக் கடன் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள். அப்படியானால் வகுப்பு யாருக்குத் தேவைப்பட்டது?

இந்தக் கேள்விக்குச் சிகாகோவின் பழைய கதையே பதில் சொல்கிறது. 1930களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் அமைப்புகள் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளை வரைபடத்தில் சிவப்பாக அடையாளமிட்டன. அங்கே வங்கிக் கடன் கிடைக்காது. கிடைக்காத இடத்தில் வேறொருவர் வந்தார். ஒப்பந்தத்தின் பேரில் வீடு விற்றார். மாதாமாதம் கட்ட வேண்டும். கடைசித் தவணை வரை பத்திரம் கைக்கு வராது. ஒரு தவணை தவறினாலும் வீடும் போகும், கட்டிய பணமும் போகும். 1968இல் லான்டேல் பகுதி மக்கள் இதற்கு எதிராகச் சங்கம் கட்டித் தவணை கட்ட மறுத்தார்கள். அவர்களுக்கு நிதி அறிவு இல்லை என்று யாராவது சொன்னால் சிரிக்கத்தான் வேண்டும். வேறு வழி இல்லாமல்தான் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அப்படிப் பிடுங்கப்பட்டவர்களின் பிள்ளைகளிடமும் பேரப்பிள்ளைகளிடமும் சொத்தும் சேமிப்பும் எப்படி இருக்கும்? ஸ்கோர் அந்த வரலாற்றை ஒரு மூன்று இலக்க எண்ணாகச் சுருக்கி, தனிமனிதரின் ஒழுக்கக் குறைவாகக் காட்டுகிறது.

ஸ்கோர் நன்றாக இருந்தால் தப்பிக்கலாமா என்றால், அதுவும் இல்லை. 2011இல் கன்ட்ரிவைடு என்ற வீட்டுக்கடன் நிறுவனத்தின் மீது அமெரிக்க நீதித்துறை தொடுத்த வழக்கு 33.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பின, லத்தீன் குடும்பங்களிடம் அதிகக் கட்டணமும் வட்டியும் வாங்கியது என்பது குற்றச்சாட்டு. நல்ல கடனுக்குத் தகுதி இருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை மோசமான கடனுக்குள் தள்ளியது என்றும் வழக்கு சொன்னது.

நம் காலனிகளில் மைக்ரோ ஃபைனான்ஸ்காரர்கள் கடனுக்கு முன் நடத்தும் கட்டாயப் பயிற்சியில் நான் பாயில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். "ஒருத்தர் கட்டலன்னா யார் கட்டுவீங்க?" "நாங்க எல்லாரும் கட்டுவோம் சார்." இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். ஒரு அக்கா மட்டும், "வட்டி எவ்ளோ சார்?" என்று கேட்டார். வாரத் தவணை எவ்வளவு என்று பதில் வந்தது. அவர் மறுபடியும் கேட்டார். மறுபடியும் தவணைதான் வந்தது. அந்த அக்காவுக்கு எந்த விழிப்புணர்வும் குறையவில்லை.

இல்லினாய் அரசு 2008இல் சட்டத்தை மாற்றிக் கொண்டுவந்தது. பத்து பின்கோடுகள் என்பது போய், சிகாகோ அடங்கிய குக் கவுண்டி முழுவதும் என்றானது. ஸ்கோர் என்ற அளவுகோலும் போனது. முதல் வீடு வாங்குகிறவர்களின் கடனிலோ மறுகடனிலோ ஆபத்தான நிபந்தனைகள் இருந்தால் ஆலோசனை கட்டாயம், வாங்குகிறவர் எந்தத் தெருவில் இருந்தாலும் சரி. இந்தத் திருத்தத்தை நான் மனதார ஏற்கிறேன். சந்தேகம் கடைசியில் ஆளைவிட்டுக் கடன் பத்திரத்தின் மீது திரும்பியது.

முதல் சட்டத்திலும் ஒன்று சரியாக இருந்தது. ஆலோசகர் கடன் கொடுக்கும் நிறுவனத்தின் ஆள் இல்லை, அரசு அங்கீகரித்த வெளியாள். அந்தப் பாயின் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பயிற்சி கொடுத்தவரோ, அடுத்த வாரம் தவணை வசூலிக்க வரப்போகிறவர்.