கைநாட்டின் நுண்வரைகள்

ரப்பர் செழித்திருந்த நாளில், கெர்லிங் வட்டாரத்தை நெடுஞ்சாலையில் கடந்து சென்றோர் கண்ணுக்குத் தோட்டம் என்பது ஒரே பச்சைப் பரப்பு. சற்று அணுகியவர்க்கு நிரைகள் புலப்பட்டன. இன்னும் அணுகியவர்க்குத் தனி மரம் புலப்பட்டது. பட்டையில் சாய்ந்தோடிய வெட்டுக்கோடும் மங்கில் சொட்டிய பாலும் அம்மரத்தடியில் நின்ற பெண்ணுக்கே தெரிந்தன. இவற்றுள் எந்தக் காட்சி உண்மை? அனைத்தும் உண்மையே. தொலைவும் அண்மையும் ஒருங்கே வேண்டும் என்னும் இவ்வெளிய அறிவைக் கணிதமாக வடித்ததே சிற்றலைப் பகுப்பாய்வு.

அதன் அடிப்படை, நான்காம் வகுப்பு மாணவனுக்கும் விளங்கக்கூடியது. நான்கு மாணவரின் மதிப்பெண்கள் 82, 78, 40, 60 என்க. முதல் இருவரின் சராசரி 80. அவர்கள் அதினின்று விலகிய அளவு 2. அடுத்த இருவரின் சராசரி 50, விலகல் 10. இனி 80, 50 ஆகிய இரண்டின் சராசரி 65, விலகல் 15. ஆக, 65 என்னும் ஒரு சராசரியும், 15, 2, 10 என்னும் விலகல்களும் எஞ்சுகின்றன. விலகல் எப்பக்கம் என்பதையும் குறித்து வைத்தால், இவற்றைக் கொண்டு நான்கு மதிப்பெண்களையும் பிழையின்றி மீட்கலாம். 65 தொலைவுக் காட்சி. ஏனையவை படிப்படியான அண்மைக் காட்சிகள். அங்கேரிய அறிஞர் ஆல்ஃபிரட் ஹார் இவ்வழியை 1910ஆம் ஆண்டிலேயே கணித உலகுக்கு வழங்கினார்.

ஒரு பாட்டில் எந்தெந்தச் சுரங்கள் உள்ளன என்பதை ஃபூரியே வகுத்த பழைய முறை கூறும். எச்சுரம் எப்பொழுது ஒலித்தது என்பதை எளிதில் காட்டாது. 1980களின் தொடக்கத்தில், எண்ணெய் தேடி நிலத்தின் அதிர்வுகளை ஆராய்ந்த பிரெஞ்சுப் பொறியாளர் ஜான் மொர்லே, தோன்றி உடனே அடங்கும் சிற்றலைகளால் அக்குறையைப் போக்க முற்பட்டார். இவ் மேயரும் ஸ்தெஃபான் மல்லாவும் அதனைப் பன்னிலைப் பகுப்பாய்வாக முறைப்படுத்தினர். நடைமுறைக்கு ஏற்ற சிற்றலைகளை இங்கிரிட் டோபஷீ 1988இல் அமைத்தளித்தார்.

இக்கணிதத்துக்கு வாய்த்த பெரும் பணிகளுள் ஒன்று கைரேகை. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. துறையிடம் ஏறத்தாழ 20 கோடி கைரேகை அட்டைகள் குவிந்திருந்தன. ஓர் அட்டையைக் கணினியில் ஏற்றினால் 10 மெகாபைட் இடம் வேண்டும். படத்தைச் சிறு கட்டங்களாக வெட்டிச் சுருக்கும் முறையில் கட்டங்களின் ஓரம் தெரிந்தது. வரைகள் முடியும் இடங்களும் பிரியும் இடங்களும் சிதைந்தன. ஒருவரை மற்றொருவரினின்று பிரித்தறிவதற்கு அவ்விடங்களே சான்று. ஆகவே 1993இல் அத்துறை சிற்றலை முறையை ஏற்றது. சிறு விலகல்களை விடுத்து, அடையாளம் காட்டும் விலகல்களைக் காத்ததால், படம் ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்காகச் சுருங்கியது.

பெருவிரல் என்றதும் தோட்டத் தமிழர் நெஞ்சில் வேறொரு நினைவு எழும். கிராணி நீட்டிய பேரேட்டில் மைதொட்டுப் பதித்த கைநாட்டு அது. 1858இல் வங்காளத்தில் ஆங்கில அதிகாரி வில்லியம் ஹெர்ஷல் ஓர் ஒப்பந்தத்தில் கைத்தடம் பெற்றது முதல், எழுத்தறியாதார்க்கு உடலே கையொப்பமாயிற்று. 'கைநாட்டு' என்னும் சொல் காலப்போக்கில் ஏளனமாகவும் மாறிற்று. அந்த அவமானத்தைத் தம் மக்கள் சுமக்கலாகாது என்றே தாய்மார் இருட்டோடு எழுந்து பால்வெட்டப் போகுமுன் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஆயத்தம் செய்தனர். கைநாட்டு இட்டவர் அனைவரையும் உலகம் ஒரே கூட்டமாகக் கண்டது. ஆனால் அம்மையிலே பதிந்த வரைகளோ, ஒருவரைப்போல் மற்றொருவர் இல்லை என்று அன்றே எழுதி வைத்தன. படிக்கத்தான் ஆளில்லை.

சுருக்குதல் தவிர்க்க முடியாதது. எதனை விடுப்பது என்பதில்தான் அறம் உள்ளது. மேற்கூறிய நால்வரின் சராசரி 65 என்று பள்ளி அறிக்கையில் எழுதலாம். அவ்வெண் பொய்யன்று. ஆயினும் 40 பெற்ற பிள்ளை அதனுள் மறைந்து போகிறது. 2 என்னும் விலகலை விடுத்தால் இழப்பு சிறிது. 10 என்னும் விலகலை விடுத்தால் ஒரு பிள்ளையே விடுபடும். சராசரியை அறிந்து, அதனோடு நில்லாது, விலகலைத் தேடிச் சென்று அப்பிள்ளையின் அருகில் அமர்பவரே நல்லாசிரியர்.