பேராதனையில் கேட்ட மத்தளம்

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அறுபதுகளில் தமிழ் படித்தவர்களுக்கு இன்று எண்பதை ஒட்டிய வயது. கொழும்பிலும் மட்டக்களப்பிலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பேரப்பிள்ளைகளோடு காலம் போகிறது. இவர்களில் இரண்டு பேர் ஒரு கல்யாண வீட்டில் சந்தித்துவிட்டால் போதும். பேச்சு ஹந்தானை மலையில் தொடங்கும், மகாவலிக் கரைக்கு இறங்கும், அருணாசலம் விடுதிச் சாப்பாட்டைத் தொட்டுக்கொண்டு போகும், கடைசியில் ‘வித்தி’யிடம் வந்து நிற்கும். பேராசிரியர் சு. வித்தியானந்தனுக்கு மாணவர்கள் வைத்திருந்த செல்லப்பெயர் அது. நேரே நின்றால் ‘சேர்’, விடுதி அறைக்குள் ‘வித்தி’.

1924இல் பிறந்தவர். லண்டனில் பத்துப்பாட்டை ஆராய்ந்து 1950இல் கலாநிதிப் பட்டம் பெற்றவர். சங்ககாலத் தமிழரின் வாழ்க்கையைச் சொல்லும் அவருடைய ‘தமிழர் சால்பு’ பல்லாண்டு பாடநூலாகவே இருந்தது. மாணவர்களின் நினைவில் இவையெல்லாம் உண்டு. ஆனால் அவர்கள் குரல் உயர்வதும் கைகள் தாமாகத் தாளம் போடுவதும் கூத்தைப் பற்றிப் பேசும்போதுதான்.

அன்றைய யாழ்ப்பாணத்துப் படித்த வீடுகளில் ‘கூத்தாடி’ என்பது ஏச்சு. கூத்து என்றால் படிப்பில்லாதவர்கள் வயற்கரையிலும் கோயில் வெளியிலும் விடிய விடிய ஆடுவது. அந்தச் சூழலிலிருந்து வந்த ஒருவர், கையில் லண்டன் பட்டத்தோடு, மட்டக்களப்புக்கும் மன்னாருக்கும் போய், கூத்துப் பழக்கும் ஆசான்களான அண்ணாவிமாரைத் தேடினார். இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை ஏற்றபின் அந்தத் தேடல் ஒரு இயக்கமாகவே ஆனது. அண்ணாவிமாருக்கு மாநாடு நடத்தினார். ஏட்டிலும் கொப்பியிலும் கிடந்த கூத்துகளை அச்சில் ஏற்றினார். ‘அலங்காரரூபன் நாடகம்’ 1962இல் அப்படித்தான் நூலானது. மட்டக்களப்பு, மன்னார் நாட்டார் பாடல்களும் அவர் பதிப்பித்து வந்தவையே.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1956இல் நாடகாசிரியர் சரச்சந்திரவின் ‘மனமே’ என்ற நாடகம் சிங்கள நாடக உலகத்தையே புரட்டிப் போட்டது. சரச்சந்திரவும் பேராதனையில்தான் கற்பித்தார். ‘மனமே’ எடுத்துக்கொண்ட நாடகம என்ற சிங்கள வடிவமோ தமிழ்க் கூத்தோடு நெருங்கிய உறவுடையது. பக்கத்துத் துறையில் ஒருவர் அந்த மரபைக் கொண்டு இவ்வளவு செய்திருக்க, மூலத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் அதை வெட்கப்பட்டு மறைப்பதா என்ற கேள்வி வித்தியானந்தனைக் குடைந்திருக்க வேண்டும்.

மாணவர் பக்கமும் காலம் கனிந்திருந்தது. நாற்பதுகளில் கிராமங்களில் எழுந்த மத்திய கல்லூரிகளில் படித்த பிள்ளைகள், 1960ஐ ஒட்டிக் கலைப்பீடம் தாய்மொழியில் கற்பிக்கத் தொடங்கியதும், பேராதனைக்கு வந்து சேர்ந்தார்கள். வந்தாறுமூலையில் படித்த சி. மௌனகுரு அவர்களில் ஒருவர். ஊரில் கூத்துப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். ஆங்கிலம் புழங்கிய விடுதிகளில் அதைச் சொல்லிக்கொள்ளக் கூசியவர்களும் இருந்தார்கள். அப்படிப்பட்டவர்களைப் பேராசிரியர் ஒருவர் கூப்பிட்டு, “உங்கள் ஊரில் இதை எப்படி ஆடுவார்கள்?” என்று கேட்டால் என்ன ஆகும்? பல்கலைக்கழகம் என்ற சொல்லுக்கே அவர்களுக்கு வேறு பொருள் பிறந்தது. இந்தக் கட்டுரையில் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் இதுதான் என்று தோன்றுகிறது.

மட்டக்களப்பில் ஒரு கூத்துப் பழகி முடிக்க மாதக்கணக்கு ஆகும். முதலில் ‘சட்டம் கொடுத்தல்’, அதாவது இன்னாருக்கு இன்ன பாத்திரம் என்று முடிவு செய்து பாட்டை எழுதிக் கொடுப்பது. பிறகு ஆட்டம் பழகுவார்கள். கால் தேறியபின் சதங்கை அணி விழா. அதன்பின் ‘அடுக்குப் பார்த்தல்’ என்ற ஒத்திகை, கடைசியில் களரியேற்றம் என்ற அரங்கேற்றம். வடமோடி என்ற கூத்து வகையில் அரசன் கரப்புடுப்பு உடுத்து, முடி தரித்து, நான்கு பக்கமும் சனம் சூழ்ந்த வட்டக்களரியில் இரவெல்லாம் சுழன்று ஆட வேண்டும். அதுவும் பாடிக்கொண்டே! வரவுத் தாளம் முடிந்து மூச்சு வாங்கும் நேரத்தில் விருத்தம் தொடங்கும். அந்த ஆட்டத்தை மலைநாட்டுக் குளிரில், விரிவுரைகளும் பரீட்சைகளும் போக மிஞ்சிய பொழுதுகளில், அண்ணாவியாரின் மத்தளத்துக்குப் பழகினார்கள் பல்கலைக்கழக மாணவர்கள். ஆண்களே பெண்வேடம் கட்டிய மரபில் மாணவிகளும் சதங்கை கட்டினார்கள்.

1962இல் ‘கர்ணன் போர்’ வந்தது. அடுத்த ஆண்டு ‘நொண்டி நாடகம்’. பின்னர் மௌனகுரு எழுதி, அவரே இராவணனாக ஆடிய ‘இராவணேசன்’. ‘வாலி வதை’யும் அந்த வரிசையில் சேர்ந்தது. விடிய விடிய ஆடும் கூத்து ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குள் சுருக்கப்பட்டது. வட்டக்களரியிலிருந்து படச்சட்ட மேடைக்கு ஏறியது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் அதை முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தவர்களில், ஊரில் கூத்து நடந்தால் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்ட குடும்பத்தவர்களும் இருந்திருப்பார்கள்.

வித்தியானந்தனும் தம் ஆசிரியர்களுக்கு ஒரு நல்ல மாணவர்தான். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் சுவாமி விபுலாநந்தர். அவருக்குப் பின் அந்த நாற்காலியில் இருந்த க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்துப் பேச்சுத்தமிழை அப்படியே மேடைக்குக் கொண்டுவந்தவர். கணபதிப்பிள்ளை எழுத, வித்தியானந்தன் நெறிப்படுத்த, ஐம்பதுகளில் பல்கலைக்கழக நாடகங்கள் நடந்தன. அவற்றில் நடித்த மாணவர்களில் ஒருவர் கா. சிவத்தம்பி. நடிப்பு அவரை விடவில்லை. பிற்பாடு பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றியே அவர் பர்மிங்காமில் ஆய்வு செய்தார். அங்கே அவருக்கும் க. கைலாசபதிக்கும் வழிகாட்டியாக இருந்தவர் கிரேக்க நாடகத்தைச் சமூகத்தின் வேரிலிருந்து ஆராய்ந்த ஜோர்ஜ் தொம்சன். தமிழ் ஆய்வின் போக்கை மாற்றிய இருவருடைய உருவாக்கத்திலும் பேராதனைக்குப் பங்கு இருக்கிறது என்பதைப் பழைய மாணவர்கள் சொல்லும்போது, அதில் தங்கள் குடும்பத்துப் பெருமையைச் சொல்கிற தொனி கேட்கும்.

வித்தியானந்தனின் பிற்காலம் இலகுவானதல்ல. நான்காம் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைக் கொழும்பில் நடத்தும்படி வந்த நெருக்குதலுக்கு இணங்காமல், 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்திலேயே நடத்திக் காட்டினார். இறுதி நாள் இரவில் பொலிஸ் புகுந்து, உயிர்கள் பலியாகி, மாநாடு துயரத்தில் முடிந்தது. 1979இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். போர் நெருங்கி வந்த ஆண்டுகளில் அந்தப் பொறுப்பைச் சுமந்து, 1989 ஜனவரியில் காலமானார்.

அவருடைய மாணவர்களிடையே இன்றும் ஒரு வாதம் ஓயவில்லை. கூத்தைச் சுருக்கி மேடைக்கு ஏற்றியது அதற்கு வாழ்வு தந்ததா, கூத்தாடும் சனத்திடமிருந்து அதைப் பிரித்துவிட்டதா? மௌனகுரு கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, புதிய தலைமுறை மாணவர்களை வைத்து ‘இராவணேச’னை மீண்டும் ஆட்டுவித்தார். அதே மட்டக்களப்பில், சீலாமுனையில், இளைய ஆய்வாளர்கள் கூத்தை வட்டக்களரியிலேயே வைத்து, ஊராரோடு உட்கார்ந்து பேசி, பெண்களையும் சாதியையும் பற்றி அதிலுள்ளவற்றை மாற்றி எழுதும் ‘மீளுருவாக்க’த்தில் இறங்கினார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. இரண்டாவது தரப்பு கேட்கும் கேள்விகள் கூர்மையானவை. ஆனாலும் கூத்தைப் பற்றிப் பல்கலைக்கழக மண்டபத்தில் சண்டை போடலாம் என்ற நிலையை உண்டாக்கியவர் யார் என்று கேட்டால், இரு தரப்பாரும் சொல்லும் பெயர் ஒன்றுதான்.