காசு மாலையில் ஒரு சக்கரவர்த்தி

இந்தியா வருஷந்தோறும் ஐந்து கோடி ஸெஸ்டர்ஸ் பணத்தை உறிஞ்சிக்கொண்டு போகிறது என்று ரோமாபுரிப் பண்டிதரான பிளினி முதல் நூற்றாண்டிலே புலம்பினார். அவர்கள் கணக்கில் அது ஐந்து லக்ஷம் பொற்காசு. அந்தக் காசுகளில் ஒன்றைப் போன வருஷம் தை மாதத்தில் என் கைக்கு எட்டிய தூரத்தில் பார்த்தேன்.

காஞ்சீபுரத்தில் ஜரிகையில் எவ்வளவு தங்கம், சங்கிலியில் எத்தனை பவுன் என்று கேட்பார்களே ஒழிய, பொன்னின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பவர் இல்லை. நான் கேட்பவன். ஆகையால் எங்கள் தெருவில் எனக்குக் "காசு வாத்தியார்" என்ற பட்டம்.

பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டுப் பாட்டியம்மாள் ஒருவர் பழைய காசு மாலையுடன் வந்தார். பேத்தியின் கல்யாணத்துக்காக மறுநாள் அதை உருக்குவதாக ஏற்பாடு.

"தம்பி, எல்லாக் காசிலும் லக்ஷ்மி இருக்கிறாள். இது ஒன்றில் மட்டும் யாரோ ஆம்பிளை. அவன் மூஞ்சியிலே வெட்டு வேறே. அபசகுனம், முதலில் இதை உருக்கு என்கிறாள் மருமகள்" என்றார்.

தலையைச் சுற்றி லத்தீன் எழுத்துக்கள் இருந்தன. அந்த லிபியில் "யு" வரவேண்டிய இடத்தில் "வி"யின் வடிவம் நிற்கும். அதைக் கண்டு மலைக்கக் கூடாது. "டி", "ஐ" என்ற முதல் இரண்டு எழுத்துக்களைப் பார்த்ததுமே திபேரியஸ் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. கிளாடியஸ் சக்கரவர்த்தியின் பெயரும் அப்படியே தொடங்கும். அடுத்த சொல் "சீசர்" என்றிருந்தால்தான் திபேரியஸ். இதில் அப்படித்தான் இருந்தது. பின்புறத்தில் கையில் கிளையுடன் ஆசனத்தில் ஒரு ஸ்திரீ. சுற்றிலும் "பொன்டிப் மாக்ஸிம்", அதாவது பிரதான குரு என்ற விருது. திபேரியஸ் ஆண்டது கி.பி. 14 முதல் 37 வரை. எடையும் பவுனுக்குச் சற்றே குறைவு. அந்தக் காலத்துக் காசுக்கு அது பொருத்தமே. 64-ல் நீரோ எடையை இன்னும் குறைத்துவிட்டான். நம் நாட்டிலேயே அக்காலத்தில் பொன்னால் செய்த போலிகளும் உண்டு. அவற்றில் எழுத்துக்கள் பெரும்பாலும் வெறும் கோடுகளாகப் போயிருக்கும். இதிலோ எழுத்துக்கள் தெளிவாக இருந்தன.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த வெட்டுத்தான். 1898-ல் புதுக்கோட்டைச் சீமையில் கருக்காக்குறிச்சியில் 501 ரோமப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் முகத்துக்குக் குறுக்கே உளி வெட்டு! பொன்னின் மாற்றைச் சோதிக்கத்தான் வெட்டினார்கள் என்பர் சிலர். அதற்கு உரைகல் போதாதா? வெட்டித்தான் பார்க்கவேண்டுமென்றால் ஓரத்தில் வெட்டலாமே? "உன் பொன்னுக்கு இங்கே மதிப்பு உண்டு, உன் தலைக்கு இல்லை" என்று காட்டவே வெட்டினார்கள் என்பது என் அபிப்பிராயம்.

இதையெல்லாம் சொல்லி, உருக்குமுன் எழும்பூர் மியூஸியத்தில் காட்டச் சொன்னேன்.

பாட்டியம்மாள் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்படியானால் வெட்டினவன் நம்ம ஊர்ப்பக்கத்தானா?"

"அப்படித்தான் தோன்றுகிறது, பாட்டி."

மறுநாள் அந்த ஒரு காசை மட்டும் ஆசாரியிடம் கழற்றி வாங்கிக்கொண்டாராம். பேத்தியின் சங்கிலியில் ஒரு பவுன் குறைந்ததற்குச் சம்பந்தி வீட்டார் இன்றைக்கும் முணுமுணுக்கிறார்கள் என்று கேள்வி.