கோணல் கோட்டை

புணேயில் தீபாவளி நெருங்குகையில் வீட்டு முற்றங்களில் மண்கோட்டைகள் எழும். மராத்தியில் அதற்குக் கில்லா என்று பெயர். கல்லும் செங்கல்லும் அடுக்கி, நனைத்த சாக்கைப் போர்த்தி, மேலே செம்மண் பூசுவர். கடுகு தூவினால் சில நாள்களில் சரிவெங்கும் பசுமை படரும். உச்சியில் சத்ரபதி சிவாஜி வீற்றிருப்பார். படிகளில் அவருடைய வீரர்கள். கடைகளில் ஆயத்தக் கோட்டைகளும் கிடைக்கின்றன. அவை சரிவதில்லை, ஆகவே குழந்தைக்கு அவற்றில் வேலையுமில்லை.

அடுக்ககமொன்றின் பால்கனியில் தமிழ்த் தாயொருத்தி தன் இரண்டரை வயது மகளோடு கோட்டை கட்டினாள். மகள் கடுகை ஒரே இடத்தில் கொட்டினாள், வீரனைத் தலைகீழாக நட்டாள், படிக்கட்டை மிதித்தாள். பிறகு தாயிடம், “நாம கட்டினோம்” என்றாள். கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் ‘நாம்’, விலக்கிவைக்கும் ‘நாங்கள்’ என்னும் வேறுபாடு மராத்தியிலும் உண்டு: ‘ஆபண்’, ‘ஆம்ஹி’. இரு மொழிகளையும் கேட்டு வளரும் குழந்தை தவறாமல் முதலாவதைத் தேர்ந்தது.

அவள் உறங்கியபின் தாய் கோட்டையைத் திருத்தினாள். படிகள் நேராயின, கடுகு பரவிற்று, வீரன் நிமிர்ந்தான். படமெடுத்து ஊருக்கும் அனுப்பினாள்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு மூதாட்டி கோட்டையைக் கட்டியது யாரென்று குழந்தையைக் கேட்டார். அவள் சற்று நேரம் அதைப் பார்த்தாள். “அம்மா” என்றாள்.

மாலையில் தாய் மீண்டும் மண் பிசைந்தாள். மகளுக்கு ஒரு குகை வேண்டுமாம். குகை இருமுறை இடிந்தது. வீரன் இப்போது தலைகீழாகவே நிற்கிறான்.