வருமா, வந்துவிட்டதா?

இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு

எங்கள் ஊருக்குக் காத்திருக்கத் தெரியும். வரதராசப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்துக்குள் பள்ளிகொண்டிருக்கும் அத்திவரதர் நாற்பது ஆண்டுகளுக்கு ஒரு முறை வெளியே வந்து காட்சி தருகிறார். 1979இல் வந்தார். அடுத்து 2019இல் வந்தார். 48 நாள் இருந்துவிட்டு மீண்டும் நீருக்குள் சென்றார். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு மாணவி. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் தறிச் சத்தம் குறைந்து, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதே வேலையாகிப் போயிற்று. இனி 2059. அன்று எனக்கு 54 வயது ஆகியிருக்கும். உடல்நலம் இருந்தால் என் பேரப்பிள்ளைக்கும் காட்டுவேன். இது தேதி தெரிந்த காத்திருப்பு. ஆகவே இதில் சண்டைக்கு இடமில்லை.

தேதி சொல்லியும் சண்டை தீராத காத்திருப்பும் உண்டு. தமிழ் இலக்கிய வகுப்பில் மணிமேகலை படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: அறவண அடிகள் புத்தரின் தோற்றத்துக்கு 1616 என்று ஓர் ஆண்டுக் கணக்கே கூறுகிறார். அதை எந்த ஆண்டிலிருந்து எண்ணுவது என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. அந்த மணிமேகலை இறுதியில் வந்து சேர்ந்ததும் நம் காஞ்சிக்குத்தானே!

நான் இங்கு எழுத வந்தது மூன்றாவது வகைக் காத்திருப்பைப் பற்றி. பேருந்துப் பயணத்தில் பாலத்தின் மீதும் பாறையின் மீதும் 'இயேசு வருகிறார்' என்று சுண்ணாம்பில் எழுதியிருப்பதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். பல இடங்களில் அதற்கு முன்னே 'சீக்கிரம்' என்ற சொல்லும் இருக்கும். அந்த ஒரு சொல்லின் மீது இரண்டாயிரம் ஆண்டுகளாக வழக்கு நடந்துவருகிறது என்பதை எனக்குக் காட்டியது எங்கள் அடுத்த வீடு.

அடுத்த வீட்டில் என் தோழி இருக்கிறாள். அவளுடைய தாத்தா ஓய்வுபெற்ற ஆசிரியர். ஞாயிறுதோறும் வெள்ளை வேட்டி உடுத்தி சி.எஸ்.ஐ. ஆலயத்துக்குப் போகிறவர். அவளுடைய அப்பா தறிகளின் ஜக்கார்டு பெட்டிக்கு அட்டை குத்துபவர். அவர் பத்து ஆண்டுகளுக்கு முன் தந்தையின் ஆலயத்தை விட்டு வேறொரு சிறிய ஜெபவீட்டில் சேர்ந்துகொண்டார். ஒரே வீடு, ஒரே வேதப்புத்தகம், ஒரே ஆண்டவர். ஆனால் ஞாயிறு மதியம் சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்ததும் இரண்டு ராஜ்யங்கள்!

சென்ற ஆண்டு தோழி பட்டப்படிப்பு முடித்தபின் பி.எட். படிக்க விரும்புவதாகச் சொன்னாள். அன்றுதான் இந்த வழக்கு சாப்பாட்டுப் பேச்சைத் தாண்டியது.

“ஆண்டவர் வாசலில் நிற்கிறார் அப்பா. இரண்டு வருஷம் படித்து, அப்புறம் வேலைக்குக் காத்திருந்து… அதற்கெல்லாம் காலம் இருக்கிறதா?” என்றார் மகன்.

“தெசலோனிக்கேயிலும் சிலர் வேலையை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவர்களுக்குப் பவுல் என்ன எழுதினார் என்று எடுத்துப் பாரடா” என்றார் தாத்தா.

நான் அப்போது அவர்கள் வீட்டில் கறிவேப்பிலை வாங்கப் போயிருந்தேன். வாங்காமலே திரும்பிவிட்டேன். ஆனால் அந்தப் பேச்சு என்னைத் தொடர்ந்தது. வரலாற்று மாணவிக்கு ஆண்டு, தேதி என்றால் விட மனம் வராது. தாத்தாவிடமிருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக இரவல் வாங்கிப் படிக்கத் தொடங்கினேன்.

வழக்கின் வேர் யூதர்களிடம் இருக்கிறது. ரோமருக்கு அடிமைப்பட்ட அந்த மக்கள், தாவீதின் வழியில் ஓர் அரசர் வந்து தங்கள் நாட்டை மீட்பார் என்று காத்திருந்தனர். 'மேசியா' என்ற சொல்லுக்கு எண்ணெய் வார்த்து முடிசூட்டப்பட்டவர் என்று பொருள். இயேசுவின் சீடர்களும் அதையேதான் எதிர்பார்த்தார்கள். உயிர்த்தெழுந்தவரிடமே, 'இப்போதாவது இஸ்ரவேலுக்கு ஆட்சியைத் திருப்பித் தருவீரா?' என்ற பொருளில் அவர்கள் கேட்டதாக அப்போஸ்தலர் நடபடிகளின் முதல் அதிகாரம் கூறுகிறது. காலம் அறிவது உங்கள் வேலையன்று என்ற விடைதான் கிடைத்தது. எனினும் கேள்வி நிற்கவில்லை.

வேதப்புத்தகத்தின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தில் 20ஆம் அதிகாரம் கிறிஸ்துவின் ஆயிரம் ஆண்டு ஆட்சியைப் பேசுகிறது. 'ஆயிரம்' என்ற சொல் அங்கே சில வசனங்களுக்குள் ஆறு முறை வருகிறது. அந்த ஆயிரத்தை எண்ணாகக் கொள்வதா, உருவகமாகக் கொள்வதா? இரண்டாம் நூற்றாண்டின் ஜஸ்டினும் ஐரேனியஸும் எண்ணாகவே கொண்டார்கள். ஐந்தாம் நூற்றாண்டில் அகஸ்டின், முதலில் தாமும் அவ்வாறே நம்பியிருந்தவர், பின்னர் அது திருச்சபையின் காலத்தையே குறிக்கிறது என்றார். ஆட்சி முன்னமே தொடங்கிவிட்டது என்பது அவர் முடிவு. இன்னொரு சாரார், நற்செய்தியும் கல்வியும் பரவப்பரவ உலகமே மெல்லத் திருந்தி ஆயிரம் ஆண்டு மலரும், அதன் பிறகே கிறிஸ்து வருவார் என்றனர். 19ஆம் நூற்றாண்டில் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் கட்டிய வெள்ளைக்காரப் பாதிரிமார் பலருக்கு இந்த நம்பிக்கை இருந்தது. 1914இல் மூண்ட உலகப்போர் அதன் பல்லைப் பிடுங்கிவிட்டது எனலாம்.

இதெல்லாம் கடல்கடந்த கதை என்று எண்ணிவிடாதீர்கள். தமிழ் மண்ணிலேயே இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1810இல் பிறந்த ஜான் கிறிஸ்தியான் அருளப்பன், பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயரிடம் பயின்றவர். பிறகு அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்ற ஆங்கிலேயருடன் பழகினார். சங்கச் சம்பளம் இல்லாமல் விசுவாசத்தை நம்பியே ஊழியம் செய்யவேண்டும், கர்த்தரின் வருகைக்கு எந்நாளும் ஆயத்தமாயிருக்கவேண்டும் என்ற கொள்கையுடைய சகோதரர் கூட்டத்தைச் சேர்ந்தவர் குரோவ்ஸ். அருளப்பன் திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தியான்பேட்டை என்ற ஊரையே உண்டாக்கினார். 1860இல் அங்கே ஓர் எழுப்புதல் மூண்டது. மக்கள் அழுதார்கள், தீர்க்கதரிசனம் உரைத்தார்கள், ஊர் ஊராகப் புறப்பட்டார்கள். வெள்ளைக்காரர் தலைமை இல்லாமல் தமிழர் நடத்திய இயக்கம் என்பதை நம் பாடப்புத்தகங்கள் ஏனோ சொல்வதில்லை. அந்தத் தீ மலையைத் தாண்டித் திருவிதாங்கூருக்கும் சென்றது.

அங்கேதான் கதை திரும்புகிறது. பாலக்காட்டுத் தமிழ் பிராமணக் குடும்பத்தில் ராமய்யன் என்ற பெயரோடு பிறந்து, 1861இல் ஞானஸ்நானம் பெற்று, யுஸ்துஸ் யோசேப்பு என்று பெயர் மாறியவர் ஒருவர். விதுவான் குட்டி என்றும் அழைப்பார்கள். நல்ல பாவலர், அவர் இயற்றிய மலையாளக் கீர்த்தனைகள் இன்றும் பாடப்படுகின்றன. 1875இன் எழுப்புதலில் எழுந்த தீர்க்கதரிசனத்தை ஏற்று, 1881இல் கிறிஸ்து வருவார் என்று அவர் அறிவித்தார். ஆண்டு வந்தது, அவர் எதிர்பார்த்தவர் வரவில்லை. அவரைச் சுற்றியிருந்தவர்கள் பலர் பிரிந்தனர். எஞ்சியவர்களோடு அவர் 'யூயோமயம்' என்ற தனிச் சமயத்தையே அமைத்து, 1887இல் மறைந்தார்.

இது கேரளத்தார் மட்டும் கண்ட ஏமாற்றமன்று. அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் கூட்டம் 1844 அக்டோபர் 22ஆம் நாள் இரவெல்லாம் விழித்திருந்தது. யெகோவாவின் சாட்சிகள் 1914இல் கிறிஸ்து கண்ணுக்குப் புலப்படாமல் விண்ணில் அரசேற்றுவிட்டார் என்கிறார்கள். அந்த அரசுக்கே தங்கள் பற்று என்பதால், கேரளத்தில் அச்சபையின் குழந்தைகள் மூவர் பள்ளியில் தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்களே தவிரப் பாடவில்லை, 1985இல் வெளியேற்றப்பட்டனர். 1986இல் உச்சநீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ராஜ்யத்தின் தன்மை பற்றிய வாதம் நம் அரசியல் சட்டத்தின் கதவையும் ஒருமுறை தட்டியிருக்கிறது!

இவற்றையெல்லாம் படித்துவிட்டு, தேதி குறித்தவர்களைப் பார்த்துச் சற்றே சிரிக்கும் மனநிலையில் நான் இருந்தேன். தோழியின் பாட்டி அதைக் கவனித்திருக்கவேண்டும். ஒருநாள் திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்: “கண்ணு, உனக்குத் தெரியாது. என் பிள்ளை குடிச்சிட்டு இந்த வாசல்லயே விழுந்து கிடப்பான். உங்க தாத்தா எவ்வளவோ பிரசங்கம் பண்ணிப் பார்த்தாரு. யாரோ ஒருத்தர் ‘இன்னிக்கு ராத்திரி அவர் வந்தா இப்படியா இருப்ப?’ன்னு கேட்டாரு. அன்னிக்கு விட்டவன்தான். ‘சீக்கிரம்’கிற அந்த வார்த்தைதான் அவனை வீட்டுக்குள்ள கொண்டுவந்தது.”

எனக்குப் பேச்செழவில்லை. ஒரு சொல் ஒரு மனிதரை எழுப்பி நிறுத்துகிறது. அதே சொல் அவர் மகளின் படிப்புக்குக் குறுக்கே நிற்கிறது. இந்தச் சிக்கலை எந்த வேத வியாக்கியானமும் எனக்கு அவிழ்த்துக்காட்டவில்லை.

தாத்தாவின் பக்கத்துக்கும் பெரிய வம்சாவளி இருக்கிறது. இங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தாம்பரத்தில், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில், 1938 டிசம்பரில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. 69 நாடுகளிலிருந்து 471 பேராளர்கள். சீனத்தில் நடக்கவேண்டியது, போரினால் இங்கு மாறியது. ஹாலந்து நாட்டு ஹென்ட்ரிக் கிரேமரின் புத்தகம் மாநாட்டுக்கென்றே எழுதப்பட்டிருந்தது. அதற்கு மறுமொழி போல, சென்னையின் இந்தியக் கிறிஸ்தவர் சிலர் அதே ஆண்டில் ஒரு கட்டுரைத் தொகுதியை வெளியிட்டனர். புதுக்கோட்டையில் தலைமை நீதிபதியாக இருந்த பி. செஞ்சையாவும், பின்னர் சென்னை மேயரான தொழிற்சங்கத் தலைவர் வி. சக்கரைச் செட்டியாரும் அவர்களுள் முக்கியமானவர்கள். செஞ்சையாவின் வாதம் எளியது, ஆனால் கூர்மையானது. இயேசு அறிவித்தது தேவனுடைய ராஜ்யத்தை. நமக்கு வந்து சேர்ந்ததோ திருச்சபை என்ற நிறுவனம். அமெரிக்க ஊழியர் ஸ்டான்லி ஜோன்ஸும் மாநாடு முடிந்தபின், ராஜ்யத்தின் இடத்தில் சபையை வைத்ததே தாம்பரத்தின் குறை என்று எழுதினார். எப்போது என்ற கேள்வி அங்கே பின்னுக்குப் போய், எது என்ற கேள்வி முன்னுக்கு வந்தது. என்னைக் கேட்டால் இதுவே தகுதியான கேள்வி. ஆனால் நீதிபதிகளும் பேராசிரியர்களும் எழுப்பிய அந்தக் கேள்வி, வாசலில் விழுந்து கிடப்பவனை எழுப்புமா என்று பாட்டி கேட்டால் என்னிடம் விடையில்லை.

தாத்தா என்னிடம் ஒருநாள் இரண்டு வேதப்புத்தகங்களை விரித்து வைத்தார். ஒன்று சீர்திருத்த சபையார் வழிவழியாக ஓதும் பழைய மொழிபெயர்ப்பு. மற்றொன்று 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம். லூக்கா 17ஆம் அதிகாரத்தில், ராஜ்யம் எப்போது வரும் என்று பரிசேயர் இயேசுவைக் கேட்கிறார்கள். பழையதில் 'ராஜ்யம்'; புதியதில் 'இறையாட்சி'. ராஜ்யம் என்றால் எல்லையும் கோட்டையும் கொண்ட ஓர் இடம் மனத்தில் எழுகிறது. ஆட்சி என்றால் ஒரு செயல். இன்னும் கேளுங்கள்: அது எங்கே இருக்கிறது என்பதற்குப் பழையது 'உங்களுக்குள்' என்கிறது, புதியது 'நடுவே' என்கிறது. 'உங்களுக்குள்' என்ற தமிழ்ச் சொல்லை நெஞ்சுக்குள் என்றும் கொள்ளலாம், உங்கள் கூட்டத்துக்குள் என்றும் கொள்ளலாம். மூலக் கிரேக்கச் சொல்லிலேயே அந்த இரட்டைப் பொருள் உண்டாம். “பார்த்தாயா, என் மகன் வானத்தில் தேடுகிறான், நான் சோற்றுத் தட்டைச் சுற்றித் தேடச் சொல்கிறேன்” என்று தாத்தா சிரித்தார்.

இரண்டுக்கும் நடுவே ஒரு பாதை உண்டு என்பார் ஆஸ்கார் குல்மன் என்ற இறையியலார். போரின் முடிவைத் தீர்மானிக்கும் சமர் ஒருநாள் நடந்துவிடுகிறது. வெற்றிநாள் பிறகொரு நாள் வருகிறது. இடைப்பட்ட காலத்தில் நாம் வாழ்கிறோம் என்று 1946இல் எழுதினார். எனக்குப் போர் உவமையைவிட எங்கள் வீட்டுத் தறியே எளிதாக விளங்குகிறது. அப்பா நெய்வது கோர்வைப் புடவை. கரைக்கு ஒரு நிறம், உடலுக்கு ஒரு நிறம். நெய்தது படமரத்தில் சுருண்டு கண்ணுக்கு மறைந்திருக்கும். நெய்யாதது வெறும் பாவாக எதிரே நீண்டிருக்கும். அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் இசையவில்லை. “அறுத்து இறக்குற வரைக்கும் அது புடவை இல்லம்மா. முதலாளி கூலி தரமாட்டார்” என்றார். அப்பாவும் தோழியின் தந்தை கட்சிதான் போலும்!

பி.எட். விண்ணப்பத்தின் கடைசி நாள் நெருங்கியது. தாத்தா தம் ஓய்வூதியத்திலிருந்து பணம் தருவதாகச் சொன்னார். மகன் வேண்டாம் என்றார். வீட்டில் மூன்று நாள் யாரும் யாருடனும் பேசவில்லை. ஞாயிறு மதியம்கூட அமைதி. நான்காம் நாள் காலை, அட்டை குத்தும் பட்டறைக்குப் புறப்படும்போது அவர் தோழியின் கையில் கட்டணத் தொகையைக் கொடுத்தார். மாறிவிட்டீர்களா என்று அவள் கேட்டாளாம்.

“மாறவில்லை. அவர் வருகிறார். வரும்போது நீ எந்த வகுப்பில் இருந்தாலும் உன்னைக் கண்டுபிடித்துக்கொள்வார்” என்றாராம்.

தாத்தாவுக்கு அந்த விடை பிடிக்கவில்லை. அது இறையியல்படி சரியா என்று இன்றும் அவர்கள் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். தோழி இப்போது முதலாண்டு படிக்கிறாள். பயிற்சி வகுப்பெடுக்க அவளுக்கு ஆறாம் வகுப்பு கொடுத்திருக்கிறார்கள்.